சாவிக்கொத்தைப் பிரித்த கதை: ஆண்ட்ராய்டின் மீடியாசர்வரும் எஸ்இலினக்ஸும்

2015 ஜூலை கடைசியில் ஆண்ட்ராய்டு உலகத்தையே கலக்கிய செய்தி ஒன்று வந்தது. உங்கள் போன் எண் மட்டும் தெரிந்தால் போதும், ஒரு வீடியோவை எம்எம்எஸ்ஸாக அனுப்பி, நீங்கள் போனைத் தொடாமலேயே அதற்குள் நுழைந்துவிடலாம் என்றார்கள். கண்டுபிடித்தவர் ஜிம்பீரியம் நிறுவனத்தின் ஆய்வாளர் ஜோஷுவா டிரேக். ஊடகக் கோப்புகளைக் கையாளும், ஓட்டை இருந்த அந்த நிரல் நூலகத்தின் பெயர் ஸ்டேஜ்ஃப்ரைட். ஆண்ட்ராய்டு 2.2-இல் தொடங்கி அன்றைய புதுப் பதிப்பு வரை எல்லாவற்றிலும் அது இருந்தது. ஏறத்தாழ 95 கோடி போன்கள் என்று அந்த நிறுவனமே ஒரு கணக்கும் சொன்னது.

ஓட்டையைப் பற்றி அப்போது எழுதாதவர் இல்லை. எனக்கு உறுத்தியது வேறொன்று. அன்று புதிதாக விற்ற போன்களில் இருந்தது ஆண்ட்ராய்டு 5. 2014 நவம்பரில் வந்த அந்தப் பதிப்பின் பெரிய பெருமைகளில் ஒன்று, எந்த நிரல் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் முழு அமலில் இருக்கிறது என்பது. ஸ்டேஜ்ஃப்ரைட் ஓடிய பின்னணிச் சேவையான மீடியாசர்வருக்குத் தனி டொமைன், அதாவது தனி வேலி உண்டு, தனி விதிகள் உண்டு. எல்லா அதிகாரமும் உள்ள ரூட் பயனராகவும் அது ஓடவில்லை. புத்தகப்படி பார்த்தால் கட்டுக்குள் வைக்கப்பட்ட டீமன், அதாவது பின்னணியில் ஓடும் நிரல்தான் அது. அப்படி இருந்தும், உள்ளே நுழைந்தவனுக்கு மைக், கேமரா, இணையம் எல்லாம் கிடைக்கும் நிலை.

வேலி இருந்தது, ஆனால் வேலிக்கு உள்ளேயே எல்லாம் இருந்தது. அது எப்படி நேர்ந்தது, அடுத்த ஆண்டு எப்படிச் சரிசெய்தார்கள் என்பதுதான் இந்த ஆய்வு.

முதலில் கொஞ்சம் அடிப்படை

லினக்ஸில் நமக்குப் பழகிய அனுமதி முறை, கோப்பின் உரிமையாளர் முடிவு செய்யும் முறை. என் கோப்பை யார் படிக்கலாம் என்று நானே வைத்துக்கொள்கிறேன். ரூட் வந்தால் எந்தக் கேள்வியும் கிடையாது. கட்டாய அணுகல் கட்டுப்பாட்டில் அந்த முடிவு உரிமையாளர் கையில் இல்லை. கணினி முழுவதற்கும் ஒரே பாலிசி (விதித் தொகுப்பு), அதை இயங்குதளத்தின் மையமான கெர்னல் அமல்படுத்துகிறது. ரூட்டாக ஓடும் செயல்முறையும் அதற்குக் கட்டுப்பட்டதுதான்.

எஸ்இலினக்ஸ் அதன் ஒரு வடிவம். அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை 2000 டிசம்பரில் வெளியிட்டது, 2003-இல் 2.6 கெர்னலில் சேர்ந்தது. ஓடும் ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு லேபிள் உண்டு. அதை டொமைன் என்கிறோம். கோப்பு, சாக்கெட் (இணைப்பு முனை), சாதனம் ஒவ்வொன்றுக்கும் ஒரு லேபிள் உண்டு; அது டைப். இந்த டொமைன் அந்த டைப்பில் இன்னது செய்யலாம் என்று 'அலவ்' விதி எழுதியிருந்தால்தான் நடக்கும். எழுதாததெல்லாம் மறுக்கப்பட்டதுதான். மறுத்ததைக் கெர்னல் 'டினைட்' என்று ஒரு வரியாகப் பதிவேட்டில் எழுதிவைக்கும்.

டீமனுக்கு இதில் எந்த வேலையும் இல்லை என்பதுதான் அழகு. மீடியாசர்வரின் நிரல் கோப்பு ஒரு தனி லேபிளோடு வட்டில் இருக்கும். சேவைகளை எழுப்பும் முதல் நிரலான இனிட் அதைத் தொடங்கும்போது, பிறக்கும் செயல்முறை தானாகவே மீடியாசர்வர் டொமைனுக்கு மாறிவிடும். தான் ஒரு வேலிக்குள் இருக்கிறோம் என்பதே நிரலுக்குத் தெரியாது. தெரிந்தாலும் வெளியே வர வழியில்லை.

இன்னொரு சொல்லையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்: 'நெவர்அலவ்'. பெயரைப் பார்த்தால் ஓடும்போது தடுக்கிற விதி மாதிரி தோன்றும். அப்படி இல்லை. பாலிசியைக் கம்பைல் செய்யும்போது (இயந்திர வடிவுக்கு மாற்றும்போது) மட்டும் பார்க்கிற சோதனை அது. 'இந்த டொமைனுக்கு இந்த அனுமதியை யாரும் எப்போதும் எழுதக் கூடாது' என்று ஒரு வரி இருந்து, யாராவது எழுதிவிட்டால் மென்பொருளை உருவாக்கும் வேலையே, அதாவது பில்டே நின்றுவிடும். ஆண்ட்ராய்டில் இதற்கு இரண்டாவது பல்லும் உண்டு. போன் தயாரிப்பாளர் கடக்க வேண்டிய பொருத்தச் சோதனையிலும் இதே விதிகள் சரிபார்க்கப்படுகின்றன. இது ஏன் முக்கியம் என்பது பின்னால் புரியும்.

வோல்ட்: வேலி நன்றாக வேலை செய்யும் இடம்

மீடியாசர்வருக்குப் போகும் முன் வோல்டைப் பார்ப்பது நல்லது. எஸ்டி கார்டு போன்ற சேமிப்பகங்களை ஏற்றி இறக்கும் டீமன் அது. ரூட்டாக ஓடும். கார்டைச் செருகினால் கெர்னல் நெட்லிங்க் என்ற தன் செய்தி வழியில் ஒரு செய்தி அனுப்பும், வோல்ட் அதைக் கேட்டு வேலை செய்யும். பழைய வோல்டில் இரண்டு பிழைகள் இருந்தன. செய்தி உண்மையிலேயே கெர்னலிடமிருந்துதான் வந்ததா என்று அது பார்க்கவில்லை. செய்தியில் வரும் பார்ட்டிஷன் எண் உச்சவரம்பைத் தாண்டுகிறதா என்று பார்த்தது. பூஜ்ஜியத்துக்குக் கீழே போகிறதா என்று பார்க்கவில்லை. 2011 ஏப்ரலில் வெளிவந்த ஜிஞ்சர்பிரேக் இந்த இரண்டையும் பயன்படுத்தியது. சாதாரண ஆப் ஒன்று எதிர்ம எண்ணோடு போலிச் செய்தி அனுப்பி, வோல்டின் நினைவகத்தைத் திருத்தி, தன் கோப்பை ரூட்டாக ஓட வைத்தது. சில மாதங்களிலேயே இதே வழியில் ரூட் பிடிக்கும் தீநிரலும் வந்துவிட்டது.

தேசியப் பாதுகாப்பு முகமையின் ஸ்டீபன் ஸ்மாலி, ராபர்ட் கிரெய்க் இருவரும் எஸ்இலினக்ஸை ஆண்ட்ராய்டுக்குக் கொண்டுவந்த வேலையை 2013-இல் ஒரு கட்டுரையாக வெளியிட்டார்கள். இப்படிப்பட்ட தாக்குதல்களை ஒவ்வொன்றாக எடுத்து, பாலிசி எங்கெங்கே குறுக்கே நிற்கிறது என்று அதில் பார்த்திருந்தார்கள். வோல்ட் விஷயத்தில் படத்தைப் புரிந்துகொள்வது சுலபம். ஆப் ஒன்றுக்கு அந்த வகை நெட்லிங்க் சாக்கெட்டைத் திறக்க எந்த நியாயமான காரணமும் இல்லை, ஆகவே அனுமதி இல்லை. வோல்டுக்கு ஓர் ஆப்பின் தரவுக் கோப்பகத்தில் கிடக்கும் கோப்பை நிரலாக ஓட்ட வேண்டிய தேவையும் இல்லை, ஆகவே அதற்கும் அனுமதி இல்லை. வோல்டில் பிழை அப்படியே இருந்தாலும் தாக்குதலின் சங்கிலி நடுவில் அறுந்துவிடுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. தாக்குபவனுக்குத் தேவைப்பட்டது வேறு, வோல்ட் தன் அன்றாட வேலைக்குச் செய்வது வேறு. இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று படியவில்லை. படியாத இடத்தில்தான் இந்த வகை வேலிக்குப் பலம். ஆண்ட்ராய்டு 4.3 எஸ்இலினக்ஸை வெறுமனே பதிவு மட்டும் செய்யும் நிலையில் கொண்டுவந்தது. 4.4-இல் முதன்முதலாக முழு அமலுக்குத் தேர்ந்தெடுத்தவை நான்கே டொமைன்கள்: இன்ஸ்டால்டி, நெட்டி, வோல்ட், ஸைகோட். நான்குமே மிகுந்த அதிகாரம் உள்ள அடிப்படைச் சேவைகள். அந்தத் தேர்வு சரியானதுதான் என்பது என் கருத்து. 5.0-இல் அது 60-க்கும் மேற்பட்ட டொமைன்களாக விரிந்தது, மீடியாசர்வரும் அதில் வந்தது.

மீடியாசர்வரின் சாவிக்கொத்து

வோல்டைப் போல ஒரு வேலைக்காக எழுதப்பட்ட சேவை அல்ல மீடியாசர்வர். ஒரே செயல்முறைக்குள் ஒலியைக் கலந்து ஸ்பீக்கருக்கு அனுப்பும் ஆடியோஃபிளிங்கர் இருந்தது. எந்த ஒலி எந்தச் சாதனத்துக்குப் போக வேண்டும் என்று தீர்மானிக்கும் பகுதி இருந்தது. கேமரா சேவை, பாட்டும் வீடியோவும் இயக்கும் சேவை, 'ஓகே கூகுள்' மாதிரி ஒலித் தூண்டலைக் கேட்கும் சேவை, எஃப்எம் ரேடியோ சேவை என எல்லாமே அங்கேதான். பதிப்புரிமைக் காவலான டிஆர்எம்மும் அதற்குள்ளேதான். ஊடகம் என்ற ஒரே சொல்லின் கீழ் வரும் எல்லாவற்றையும் ஒரு கூரைக்குள் வைத்துவிட்டார்கள்.

இப்போது பாலிசி எழுத உட்காருங்கள். கேமரா சேவைக்குக் கேமரா சாதனம் வேண்டும், அலவ். ஒலிக்கு ஒலிச் சாதனமும் புளூடூத்தும் வேண்டும், அலவ். இணையத்திலிருந்து வீடியோ இழுக்க சாக்கெட் வேண்டும், அலவ். டிஆர்எம்முக்குப் பாதுகாப்பான சேமிப்பகமும் தனி வன்பொருளும் வேண்டும், அலவ். சில டிஆர்எம் நிரல்கள் ஓடும்போதே நினைவகத்தில் குறியீட்டை உருவாக்கி ஓட்டுபவை. அதற்கு, எழுதவும் ஓட்டவும் கூடிய நினைவகப் பக்கங்கள் வேண்டும், அலவ். ஜிபியு (வரைகலைச் சிப்), எஃப்எம், சென்சார் மையம், தயாரிப்பாளரின் சொந்த டிரைவர்கள், ஆப் தரும் கோப்புகள், எல்லாவற்றுக்கும் அலவ்.

இந்த விதிகளில் எதையும் தவறு என்று சொல்ல முடியாது. எதை நீக்கினாலும் ஏதோ ஒன்று ஓடாது. ஆனால் எஸ்இலினக்ஸுக்கு டொமைனுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. கேமராவைத் திறப்பது கேமரா சேவையா, எம்பி4 கோப்பைப் பிரித்துப் படிக்கும் பகுதியா என்று அதனால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டும் ஒரே செயல்முறை, ஒரே லேபிள். ஆகவே எல்லோரின் தேவைகளையும் கூட்டினால் என்ன வருமோ, அது ஒவ்வொருவர் கையிலும் போய்விடுகிறது. வீட்டில் பால்காரர், தோட்டக்காரர், சமையல்காரர், டிரைவர் எல்லோருக்கும் பீரோ சாவி உட்பட ஒரே சாவிக்கொத்தைக் கொடுத்து வைத்த மாதிரி.

இதில் மிக ஆபத்தான வேலை எது? கேமராவோ ஒலியோ இல்லை. முன்பின் தெரியாதவன் அனுப்பிய கோப்பைப் பிரித்துப் படிக்கும் வேலை. எம்பி4 என்பது பெட்டிக்குள் பெட்டியாக அடுக்கிய வடிவம், ஒவ்வொரு பெட்டியும் தன் நீளத்தைத் தானே சொல்லிக்கொள்ளும். அந்த எண்ணை நம்பி நினைவகம் ஒதுக்கும் சி++ குறியீட்டில் பிழை வருவது ஆச்சரியமே இல்லை. இந்தப் பகுதிக்கு உண்மையில் தேவைப்படும் அனுமதி மிகக் குறைவு. பைட்டுகள் உள்ளே வர வேண்டும், பிரித்த தகவல் வெளியே போக வேண்டும், அவ்வளவுதான். அதன் கையில்தான் வீட்டிலேயே பெரிய சாவிக்கொத்து இருந்தது.

உடைந்த விதம்

டிரேக் சொன்ன பிழைகளில் ஒன்றுக்கு, பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2015-3824 என்று எண். எம்பி4-க்குள் துணைத்தலைப்புக்கான டிஎக்ஸ்3ஜி பெட்டிகள் வரும். பல பெட்டிகள் வந்தால் பழைய அளவோடு புது அளவைக் கூட்டி, அந்த மொத்தத்துக்கு நினைவகம் ஒதுக்கி, இரண்டையும் அதில் நகலெடுப்பார்கள். கூட்டுத்தொகை 32 பிட்டைத் தாண்டினால் சுற்றிக்கொண்டு சின்ன எண்ணாகிவிடும். ஒதுக்கிய இடம் சின்னது, நகலெடுப்பது பெரியது. அப்புறம் என்ன, பக்கத்து நினைவகம் எல்லாம் அனுப்பியவன் கையில்.

திருத்தம் வந்தது. கூட்டினால் வரம்பு தாண்டுமா என்று ஒரு சோதனையைச் சேர்த்தார்கள். ஆனால் பெட்டியின் அளவு 64 பிட் எண், வரம்பு 32 பிட் எண். அந்த வித்தியாசத்தின் வழியே சோதனையையே ஏமாற்ற முடிந்தது. எக்ஸோடஸ் இன்டலிஜென்ஸ் நிறுவனத்தார் அதைச் சுட்டிக்காட்ட, சிவிஇ-2015-3864 என்று இன்னொரு எண் விழுந்தது. ஓட்டையை அடைப்பதை மட்டுமே நம்பி இருக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரியாது.

நினைவக முகவரிகளைக் கலைத்து வைக்கும் காவல் இருக்கிறதே என்று கேட்கலாம். கூகுளின் ஓட்டை தேடும் அணியான புராஜெக்ட் ஜீரோவைச் சேர்ந்த மார்க் பிராண்ட் அதே ஆண்டு செப்டம்பரில் இந்த இரண்டாவது ஓட்டையை நெக்சஸ் 5-இல் வைத்துப் பார்த்தார். சி மொழியின் அடிப்படை நூலகமான லிப்சி எந்த முகவரியில் ஏறும் என்பதில் 8 பிட் அளவுக்குத்தான் குழப்பம், அதாவது 256 வாய்ப்புகள். தப்பாக ஊகித்தால் மீடியாசர்வர் செத்துவிடும். ஆனால் அது பின்னணிச் சேவை ஆயிற்றே, செத்தால் இனிட் 5 விநாடியில் மறுபடி எழுப்பிவிடும். புதிதாக ஒருமுறை முயலலாம். ஒரு நிமிடத்தில் சுமார் 4 சதவீத வெற்றி வாய்ப்பு என்பது அவர் போட்ட கணக்கு. செத்தாலும் எழுந்துவிட வேண்டும் என்பது டீமனுக்கு நல்ல குணம். அந்தக் குணமே தாக்குபவனுக்கு வரிசையாக லாட்டரி சீட்டு கொடுத்தது.

பாலிசி என்ன செய்தது? ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமில்லை. மீடியாசர்வர் தன் டொமைனில் இருந்தபடி வேறு நிரலை ஓட்டக் கூடாது என்று நெவர்அலவ் இருந்தது. ஆகவே உள்ளே நுழைந்ததும் கட்டளைகளை ஓட்டும் ஷெல் ஒன்றைத் திறப்பது என்ற பழைய வித்தை நடக்காது. சிஸ்டம் பார்ட்டிஷனில் எழுத முடியாது. ஆனால் நினைவகத்திலேயே குறியீட்டை வைத்து ஓட்ட அனுமதி இருந்ததே, அது போதும். ஷெல் எதற்கு? ஒலியைப் பதிவு செய்ய, கேமராவைத் திறக்க, எடுத்ததை இணையம் வழியே அனுப்ப, தேவையான எல்லா அனுமதியும் அதே செயல்முறைக்கு முறைப்படி வழங்கப்பட்டிருந்தது. பதிவேட்டில் ஒரு 'டினைட்' வரிகூட விழாது.

வோல்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இதுதான். அங்கே தாக்குபவனின் தேவையும் டீமனின் வேலையும் படியவில்லை. இங்கே அப்படியே படிந்துவிட்டன.

விதியை இறுக்கவில்லை, சேவையை வெட்டினார்கள்

2016 ஆகஸ்டில் வந்த ஆண்ட்ராய்டு 7.0-இல் செய்த மாற்றத்தைப் பாலிசி மாற்றம் என்று சொல்வதைவிட, பாலிசிக்காகச் செய்த நிரல் மாற்றம் என்பதே பொருந்தும். மீடியாசர்வரைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனிச் செயல்முறையாக, தனிப் பயனர் எண்ணோடு, தனி டொமைனில் வைத்தார்கள்.

ஒலி முழுவதும் ஆடியோசர்வருக்குப் போயிற்று. ஒலிச் சாதனங்கள், புளூடூத், எஃப்எம் சாவிகள் அதோடு போயின. கேமராசர்வர் கேமராவையும் ஜிபியுவையும் சென்சார் மைய இணைப்பையும் எடுத்துக்கொண்டது. டிஆர்எம்முக்கான மீடியாடிஆர்எம்சர்வர் தன் வன்பொருளையும் பாதுகாப்பான சேமிப்பகத்தையும் வலைச் சாக்கெட்டையும் வைத்துக்கொண்டது. ஓட்டக்கூடிய நினைவகம் என்ற அந்த வம்பு பிடித்த அனுமதியும் அதோடே போயிற்று. யாருக்காக அந்த அனுமதி வந்ததோ அவரிடமே சேர்த்தாயிற்று. சுருக்கிய ஒலி ஒளியை விரிக்கும் மீடியாகோடெக்குக்கு ஜிபியு. மிச்சமிருந்த மீடியாசர்வருக்கு இணையமும் ஆப் தரும் கோப்புகளைப் படிக்கும் உரிமையும்.

கோப்பைப் பிரித்துப் படிக்கும் மீடியாஎக்ஸ்ட்ராக்டருக்கு? அந்தப் பழைய பட்டியலிலிருந்து எதுவுமே இல்லை. ஸ்டேஜ்ஃப்ரைட் ஓட்டைகள் குவிந்திருந்த அதே பகுதி. சாக்கெட் இல்லை, கேமரா இல்லை, மைக் இல்லை. டிசிபி, யுடிபி, மூல ஐபி ஆகிய எந்தச் சாக்கெட்டும் இதற்கு ஒருநாளும் கூடாது என்று நெவர்அலவும் போட்டுவிட்டார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. எக்ஸ்ட்ராக்டர் கோப்புகளைப் படித்தே ஆக வேண்டும். கோப்புகளைப் படிக்க அனுமதி கொடுத்தால் போனில் உள்ள தரவையெல்லாம் துழாவலாமே? இங்கே எஸ்இலினக்ஸ் 'ஓபன்' அனுமதியையும் 'ரீட்' அனுமதியையும் தனித்தனியாக வைத்திருப்பது கைகொடுக்கிறது. கோப்பைத் திறப்பது வேறொருவர் வேலை. திறந்த கோப்பின் கைப்பிடியை, செயல்முறைகளுக்கு இடையே செய்தி கடத்தும் பைண்டர் வழியே எக்ஸ்ட்ராக்டரிடம் தருகிறார்கள். அதற்கு 'ரீட்' உண்டு, 'ஓபன்' இல்லை. கையில் கொடுத்ததைப் படிக்கலாம், அலமாரியைத் தானாகத் திறந்து எடுக்க முடியாது. பிந்தைய பதிப்புகளில் தரவுப் பகுதியின் கோப்புகளை எக்ஸ்ட்ராக்டர் தானே திறக்கக் கூடாது என்பதே ஒரு நெவர்அலவ் ஆனது, நேர மண்டலத் தகவல் போன்ற சில்லறை விலக்கு மட்டும். சாதாரண லினக்ஸ் அனுமதியில் இந்த வேறுபாட்டை எழுதவே முடியாது.

வெட்டுவதற்குச் செலவு இல்லாமல் இல்லை. ஒரே செயல்முறைக்குள் நடந்த செயற்கூற்று அழைப்புகள் இப்போது செயல்முறைகளுக்கு இடையே பைண்டர் வழியே போக வேண்டும். வீடியோ பைட்டுகளை ஒவ்வொரு படியிலும் நகலெடுத்தால் போன் திணறும், அதனால் பகிர்ந்த நினைவகம் வேண்டும். ஆறு செயல்முறைகள் என்றால் ஆறு மடங்கு துவக்கம், ஆறு இடத்தில் நினைவகம். எக்ஸ்ட்ராக்டர் நடுவில் செத்தால் மற்றவர்கள் விழாமல் சமாளிக்க வேண்டும். இவ்வளவும் பாலிசி எழுதுபவரின் வேலை அல்ல, நிரலாளரின் வேலை. பாதுகாப்பு அணி தனியாக உட்கார்ந்து விதிக் கோப்பைத் திருத்தியிருந்தால் இது நடந்திருக்கவே முடியாது.

அதே பதிப்பில் ஊடக நூலகங்களை, எண் வரம்பு தாண்டினால் உடனே செயல்முறையை நிறுத்திவிடும் சோதனையோடு கம்பைல் செய்யவும் தொடங்கினார்கள். டிஎக்ஸ்3ஜி மாதிரியான ஓட்டை இனி திருட்டாகாமல் வெறும் முடக்கமாக முடிந்துபோகும்.

விதி எழுதும் கைகள்

பாலிசியைக் கூகுள் மட்டும் எழுதுவதில்லை. போன் தயாரிப்பாளரும் சிப் தயாரிப்பாளரும் தங்கள் சாதனங்களுக்கான விதிகளைச் சேர்க்கிறார்கள். அங்கேதான் வேலி தளரும்.

நடப்பது இப்படி. புது போர்டில் கேமரா ஓடவில்லை. பதிவேட்டில் 'டினைட்' என்று ஒரு வரி: கேமராசர்வர், 'டிவைஸ்' என்ற லேபிள் கொண்ட சாதனக் கோப்பில் எழுத முயன்றது. வெளியீட்டுத் தேதி நெருங்குகிறது. ஆடிட்2அலவ் என்ற கருவியிடம் அந்த வரியைக் கொடுத்தால், அதற்கு அனுமதி தரும் விதியை அழகாக எழுதிக் கொடுத்துவிடும். ஒட்டினால் கேமரா ஓடும். எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆனால் 'டிவைஸ்' என்பது தனி லேபிள் எதுவும் பெறாத சாதனங்களுக்கெல்லாம் விழும் பொது லேபிள். அந்த ஒரு விதியால், பெயர் வைக்காத எல்லாச் சாதனங்களையும் கேமராசர்வருக்குத் திறந்துவிட்டோம். உண்மையான பிழை விதியில் இல்லை, லேபிளில். அந்தச் சாதனக் கோப்புக்குச் சரியான லேபிளைக் கொடுத்தால் ஏற்கெனவே உள்ள விதியே போதும். கருவிக்கு இது தெரியாது. நடந்ததை அனுமதிக்க மட்டும்தான் அதற்குத் தெரியும், நடந்தது சரியா என்று கேட்கத் தெரியாது. முன்னே சொன்ன நெவர்அலவ் இங்கேதான் உதவுகிறது. அவசரத்தில் ஒட்டிய விதி பில்டிலேயே மாட்டிக்கொள்ளும், பில்டைத் தாண்டினாலும் பொருத்தச் சோதனையில் மாட்டிக்கொள்ளும்.

சர்வர் பக்கம் வேலை பார்க்கும் நாம் இதைப் பார்த்துச் சிரிக்க ஒன்றுமில்லை. ஏதாவது சேவை எழவில்லை என்றால் முதல் வேலையாக எஸ்இலினக்ஸை அணைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கும் இருந்தது. அணைத்ததும் ஓடிவிடும். மறுபடி போட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதி ஒட்டுவேன். அந்தச் சீட்டுகளில் எத்தனைக்கு நான் திரும்பிப் போனேன் என்று கேட்காதீர்கள்.

வெட்டிய பிறகும் மிச்சம்

எக்ஸ்ட்ராக்டரை இப்போது ஒருவன் பிடித்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். கையில் எந்தச் சாதனமும் இல்லை. ஆனால் இரண்டு வழிகள் மிச்சமிருக்கின்றன.

ஒன்று, பக்கத்து அறை. எக்ஸ்ட்ராக்டர் தரும் பதிலை மற்ற சேவைகள் நம்பி வாங்கிக்கொள்கின்றன. பொய்யான அளவுகளைச் சொல்லி அடுத்த செயல்முறையை விழ வைக்க முடியுமா என்று பார்க்கலாம். ஒரு ஓட்டை போதும் என்றிருந்த இடத்தில் இப்போது இரண்டு மூன்று ஓட்டைகளைச் சங்கிலியாகக் கோக்க வேண்டும். கடினம்தான், முடியாதது அல்ல.

இரண்டாவது, கெர்னலே. எஸ்இலினக்ஸ் ஓடுவது கெர்னலுக்குள். கெர்னலில் ஓட்டை கிடைத்தால் வேலியைப் போட்டவரையே பிடித்தாயிற்று, விதிகளுக்கு அப்புறம் அர்த்தமில்லை. ஆகவே ஒரு டீமன் கெர்னலிடம் என்னென்ன பேசலாம் என்பதையும் குறைக்க வேண்டும். அதற்கு எஸ்இலினக்ஸ் மட்டும் போதாது. எக்ஸ்ட்ராக்டர், கோடெக் இரண்டுக்கும் செக்காம்ப் வடிகட்டியைச் சேர்த்தார்கள். பட்டியலில் உள்ள சிஸ்டம் கால்களை (கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்புகளை) மட்டும் அழைக்கலாம், மற்றதை அழைத்தால் செயல்முறை கொல்லப்படும். எஸ்இலினக்ஸ் எந்தப் பொருளைத் தொடலாம் என்று பார்க்கிறது, செக்காம்ப் எந்த வாசல் வழியாகக் கேட்கலாம் என்று பார்க்கிறது.

டிரைவர்கள் இதில் தனித் தலைவலி. ஜிபியு சாதனத்தைத் திறக்க அனுமதி கொடுத்தாலே, அந்த டிரைவர் புரிந்துகொள்ளும் ஐயாக்டில் கட்டளைகள் (சாதனத்துக்கு நிரல் இடும் தனிக் கட்டளைகள்) எல்லாமே கிடைத்துவிடும். அவற்றில் சோதனைக்காக எழுதி மறந்துபோனவையும் இருக்கும். 'ஐயாக்டில் செய்யலாமா' என்ற ஒரே கேள்வியோடு எஸ்இலினக்ஸ் முன்பு நின்றுகொண்டது. பிறகு எந்தெந்த எண்ணுள்ள கட்டளை என்பது வரை விதி எழுதும் வசதியைக் கூகுளின் ஜெஃப் வாண்டர் ஸ்டூப் சேர்த்தார். 2015-இல் லினக்ஸ் 4.3 கெர்னலில் அது வந்தது. ஆண்ட்ராய்டு 6.0 முதல் பாலிசியில் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

அப்புறமும் வெட்டு நிற்கவில்லை. ஆண்ட்ராய்டு 8-இல் வன்பொருள் இடைமுகங்களைத் தனித்தனிச் செயல்முறைகளாகப் பிரித்தார்கள். முன்பு ஒரு சேவை பல வன்பொருள் நூலகங்களைத் தனக்குள் ஏற்றிக்கொண்டால், அவை ஒவ்வொன்றுக்கும் தேவைப்பட்ட டிரைவர் அனுமதியெல்லாம் அந்தச் சேவைக்கே போகும். மீடியாசர்வரில் பார்த்த அதே கூட்டல் கணக்கு, வேறு இடத்தில். ஆண்ட்ராய்டு 10-இல் மென்பொருள் கோடெக்குகளை, வன்பொருளைத் தொட வேண்டிய கோடெக்குகளிலிருந்து பிரித்துத் தனி வேலிக்குள் வைத்தார்கள். வெறும் கணக்குப் போட்டுப் படத்தை விரிக்கும் குறியீட்டுக்கு டிரைவர் எதற்கு என்ற கேள்விக்குப் பதில் அது.

உங்கள் போனில் டெவலப்பர் வசதியை இயக்கி, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளையிடும் ஏடிபி ஷெல்லில், ஓடும் செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையை ஏ, இசட் தேர்வுகளோடு ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு செயல்முறையும் தன் லேபிளோடு வரிசையாக நிற்கும். ஆடியோசர்வர் ஒரு வரி, கேமராசர்வர் ஒரு வரி, மீடியாசர்வர் இன்னும் மெலிந்துபோய் ஒரு வரி. எக்ஸ்ட்ராக்டரின் வரியில் பயனர் பெயர் மீடியாஈஎக்ஸ் என்றும், லேபிள் யு:ஆர்:மீடியாஎக்ஸ்ட்ராக்டர்:எஸ்0 என்றும் இருக்கும். யாரோ அனுப்பிய வீடியோவின் சிறுபடம் உங்கள் திரையில் தெரிவதற்குள், முதலில் அதைப் பிரித்துப் பார்ப்பது அந்த வரியில் இருப்பவர்தான்.